குட்டி போட்ட முயலை வேறு கூண்டுக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மழை வந்தால் கொட்டகை ஒழுகும். கூண்டின் அடிக்கம்பி துருப்பிடித்து விட்டுப்போகும். கட்டெறும்பு ஏறும், வேலியோரம் பாம்புச் சட்டை கிடக்கும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். இதில் ஏதாவது ஒன்று நடக்கும் சமயத்தில்தான் பெண் முயல் குட்டி போட்டிருக்கும். இப்போது கூண்டு மாற்றலாமா, மாற்றினால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடுமா, கடித்துத் தின்றுவிடுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும்.

மாற்றலாம். முறையாகச் செய்தால் பெரும்பாலான முயல்கள் மறுநாளே வழக்கம்போலப் பால் கொடுத்துவிடும். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். குட்டிகள் கிடக்கும் பெட்டியை, அதற்குள் இருக்கும் முடி, வைக்கோல், வாசனை எதையும் கலைக்காமல் முழுதாக எடுத்துப் போங்கள். பெட்டி அப்படியே இருந்தால், சுற்றியிருக்கும் கூண்டு மாறியதை குட்டிகள் அறியவே அறியாது. தாயும் சீக்கிரம் பழகிவிடும். பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய வைக்கோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் பல வீடுகளில் குட்டிகள் சாவதற்குக் காரணமாகிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் கூண்டில் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட், வீட்டில் செல்லமாக வைத்திருக்கும் குட்டை ரகம் எல்லாமே ஐரோப்பாவின் வளைமுயல் வழி வந்தவை. நம் காடுகளில் ஓடும் முயல் வேறு இனம். அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பில் முடியும் திறந்த கண்ணுமாக இருக்கும். வளைமுயலின் குட்டிக்கு முடி கிடையாது, கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. பெரிய ரகங்களில்கூட எடை 50, 60 கிராம்தான். காட்டில் தாய் முயல் இதற்கென்று தனியாக ஒரு சிறு வளை தோண்டி, தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போட்டு, குட்டிகளை அதில் விட்டு, வாசலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ வரும். மூன்று நான்கு நிமிடம் பால் கொடுக்கும். மறுபடி மூடிவிட்டுப் போய்விடும். வேட்டை விலங்குகளுக்கு வளை இருக்கும் இடம் தெரியாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

கூண்டில் இருக்கும் முயலும் இதையேதான் செய்கிறது. பகல் முழுக்கத் தாய் பெட்டியின் பக்கமே போகவில்லை என்றால் அது குட்டிகளை வெறுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கோழி போல அடைகாத்துச் சூடு கொடுக்கும் பழக்கம் அதற்கு இல்லை. பூனை போலக் குட்டியைக் கவ்விக்கொண்டு போய் இடம் மாற்றவும் தெரியாது. பெட்டிக்கு வெளியே விழுந்த குட்டி விழுந்ததுதான். நீங்கள் எடுத்து உள்ளே வைக்காவிட்டால் அது குளிரில் செத்துவிடும்.

அப்படியென்றால் குட்டிக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? கூடப் பிறந்தவற்றின் உடம்பிலிருந்தும், மேலே மூடியிருக்கும் தாயின் முடியிலிருந்தும்தான். முதல் வாரத்தில் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குட்டிக்கு மிகக் குறைவு. முடி மெத்தைக்குள் கைவிட்டுப் பார்த்தால் வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் உள்ளே கதகதவென்று இருக்கும். அந்தக் குழிவைக் கலைத்துவிட்டால் மறுபடி அது போலவே நம் கையால் செய்வது கடினம்.

அப்புறம் வாசனை. கண்ணும் காதும் இல்லாத குட்டி, கிடைக்கும் அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் காம்பைக் கண்டுபிடித்துக் குடித்தாக வேண்டும். 2003-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் முயல் பாலில் இருக்கும் ஒரு வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்து, அதைக் கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினார்கள். குட்டிகள் காம்பைத் தேடுவது போலவே தலையை ஆட்டி அதைக் கவ்வப் பார்த்தன. அவ்வளவு தூரம் அவை மூக்கை நம்பி வாழ்கின்றன. தாய்க்கும் அப்படித்தான், தன் பெட்டியின் வாசனை தெரிந்தால்தான் தயங்காமல் உள்ளே குதிக்கும். போகிற போக்கில் தாய் பெட்டிக்குள் ஓரிரு புழுக்கைகளையும் போட்டுவிட்டுப் போகும். அதை அழுக்கு என்று பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். வளரும் குட்டிகள் அதைக் கொறித்துத்தான் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெறுகின்றன.

மாற்றத்தான் வேண்டுமா?

எறும்பு, பாம்பு, எலி, பெருச்சாளி, ஒழுகல், நேர் வெயில், உடைந்த அடிக்கம்பி, சொறி நோய் வந்த பக்கத்துக் கூண்டு. இவற்றில் ஒன்று இருந்தால் தயங்க வேண்டாம், மாற்றுங்கள். பெரிய கூண்டு வாங்கிவிட்டேன், இடம் அழகாக இல்லை, விருந்தாளிகள் குட்டி பார்க்க வசதியாக இருக்கும் என்பதெல்லாம் மூன்று வாரம் காத்திருக்கக்கூடிய காரணங்கள். கூண்டு அழுக்காக இருக்கிறது என்பதும் அப்படித்தான். தாய் இருக்கும்போதே தட்டை மட்டும் எடுத்துக் கழுவினால் போதும்.

எறும்பு விஷயத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். பால் வாசனைக்கு வரும் எறும்புக் கூட்டம் ஒரே இரவில் ஒரு ஈற்று முழுவதையும் அழித்துவிடும். அதற்காகப் பூச்சி மருந்துப் பொடியையோ எறும்புச் சாக்பீஸையோ கூண்டின் மேலும் பெட்டியின் மேலும் பூச வேண்டாம். இடத்தை மாற்றி, கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் பாதுகாப்பான வழி.

குட்டிகளின் வயது

இனப்பெருக்கத்துக்கு விட்ட தேதியைக் குறித்து வைத்திருந்தால் இந்தச் சிக்கலே பாதி வராது. முயலின் சினைக்காலம் 28 முதல் 32 நாள். பெரும்பாலும் 31-ஆவது நாளில் ஈனும். கூண்டு மாற்றும் எண்ணம் இருந்தால் 25-ஆவது நாளுக்குள் மாற்றிவிட்டு, 27 அல்லது 28-ஆவது நாள் குட்டி ஈனும் பெட்டியை உள்ளே வையுங்கள். தாய் புது இடத்தில் பழகி, தானே கூடு கட்டிவிடும்.

ஈன்றபின் முதல் மூன்று நாள் உண்மையான ஆபத்து இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். முதல் ஈற்று முயலாக இருந்தால் இன்னும் கவனம். அது மிரண்டால் பெட்டிக்குள் பாய்ந்து மிதித்துவிடும். நான்காம் நாளுக்குப் பிறகு குட்டி உடம்பில் மெல்லிய முடி தெரியத் தொடங்கும், தாய்க்கும் பால் கொடுக்கும் வழக்கம் படிந்திருக்கும். பத்தாவது நாள் வரை பெட்டியோடு மாற்றுவது எளிது.

பத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் கண் திறக்கும். இதற்குப் பிறகு வரும் ஒரு வாரத்தை நான் சங்கடமான காலம் என்பேன். குட்டிகளுக்குப் பெட்டியை விட்டு வெளியே வரத் தெரியும், திரும்பி உள்ளே போகத் தெரியாது. புது இடத்தில் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். இந்த வயதில் மாற்றினால் பெட்டியின் முன்பக்கம் ஒரு பலகையைக் கட்டி உயரத்தைக் கூட்டுங்கள்; இரவில் ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் முடிந்துவிட்டால் கவலை இல்லை. அப்போது அவை தீவனம் கொறிக்கத் தொடங்கியிருக்கும், பெட்டி வெறும் ஒளிந்துகொள்ளும் இடம்தான்.

புதுக் கூண்டைத் தயார் செய்வது

முதல் நாளே இதை முடித்துவிட வேண்டும். ஒரு தாய்க்கும் குட்டிகளுக்கும் 3 அடி நீளம், 2 அல்லது 2½ அடி அகலம், 1½ அடி உயரம் இருந்தால் தாராளம். அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போடுங்கள். ஓர் அங்குலச் சதுரக் கண் என்றால் குட்டியின் கால் உள்ளே போய் முறியும். பக்கவாட்டுக் கம்பியில் இடைவெளி பெரிதாக இருந்தால், அடியிலிருந்து 4 அங்குல உயரத்துக்காவது சின்னக் கண் வலையைச் சுற்றிக் கட்டுங்கள். பிறந்த குட்டி எவ்வளவு சிறிய சந்திலும் நழுவி வெளியே விழும்.

பழைய கூண்டை வாங்கியிருந்தால் ஒட்டியிருக்கும் முடியையும் புழுக்கையையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். இரும்புக் கூண்டு என்றால் தீச்சுடரைப் பீய்ச்சும் ஊதுவிளக்கால் கம்பிகளைச் சுட்டு எடுப்பது இன்னும் நல்லது. குட்டி முயல்களைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் முட்டைகள் பினாயில், டெட்டால் போன்றவற்றுக்கு அசைவதில்லை. சூட்டிலும், நன்றாகக் காய்ந்து உலர்வதிலும்தான் சாகும். பினாயில் போட்டுக் கழுவியிருந்தால் அந்த நெடி முழுக்கப் போன பிறகே முயலை விடுங்கள்.

இடம் எது? காற்றோட்டம் வேண்டும், ஆனால் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. மேற்கு வெயில் படக் கூடாது. நாய் வந்து முகரும் வாசலோரமும், ஆள் நடமாட்டமுள்ள வராந்தாவும் வேண்டாம். முயலுக்கு 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஆகாது. சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் தகர ஷீட்டுக்கு அடியில் நேராகக் கூண்டை வைத்தால் கூண்டு மாற்றிய அதிர்ச்சியைவிட அந்தச் சூடுதான் முதலில் தாயைக் கொல்லும். தென்னங்கீற்றோ ஈரச் சாக்கோ மேலே போட்டுவிடுங்கள்.

பழைய கூண்டில் தாய் எந்த மாதிரித் தண்ணீர் குடித்ததோ அதே மாதிரி இங்கேயும் வையுங்கள். கிண்ணத்தில் குடித்துப் பழகிய முயலைத் திடீரென்று நிப்பிள் பாட்டிலுக்கு மாற்றினால் அது குடிக்காமலேயே கிடக்கும். பால் கொடுக்கும் பெரிய முயல் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும், கோடையில் அதற்கு மேலும். தண்ணீர் இல்லாத தாய்க்குத்தான் பால் வற்றிப் போகிறது. குட்டியைக் கடிப்பதற்கும் தாகம் ஒரு காரணம். தீவனமும் பழையதே இருக்கட்டும். இடம் மாறும் வாரத்தில் புதுத் தீவனம், புது மசால் தழை, புதுக் கீரை எதுவும் தொடங்காதீர்கள்.

பெட்டி இல்லை என்றால்

சிலர் பெட்டி வைக்காமல் விட்டு, தாய் கூண்டின் மூலையிலேயே ஈன்றிருக்கும். அப்போது நாமே பெட்டி செய்ய வேண்டும். நீளம் 16 முதல் 18 அங்குலம், அகலம் ஓர் அடி, உயரம் ஓர் அடி. முன்பக்கம் மட்டும் 6 அங்குலமாக வெட்டிவிட்டால் தாய் சுலபமாக ஏறி இறங்கும், குட்டி உருண்டு வெளியே வராது. மரம் நல்லது. அவசரத்துக்கு ஆப்பிள் வரும் அட்டைப் பெட்டி போதும், நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் டப் என்றால் அடியில் சிறு துளைகள் போடுங்கள், இல்லாவிட்டால் மூத்திரம் தேங்கும்.

அடியில் இரண்டு அங்குலம் மரச்சீவல், அதற்கு மேல் காய்ந்த மெல்லிய புல் அல்லது வைக்கோல். கையால் நடுவில் ஒரு குழிவு செய்யுங்கள். தேங்காய் நார் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நீள நாராக இல்லாமல் விரலளவு வெட்டி, நன்றாகப் பிரித்துப் போட்டால் தவறில்லை. நீள நாரும், பஞ்சும், நூல் பிரியும் துணியும் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். பிறகு பழைய மூலையிலிருந்து தாயின் முடி முழுவதையும், கொஞ்சம் பழைய படுக்கையையும் சேர்த்து அள்ளி அந்தக் குழிவில் வைத்து, குட்டிகளை அதற்குள் விட்டு, மேலே முடியால் மூடுங்கள். முடி போதாவிட்டால் தாயின் வயிற்றில் தளர்ந்திருக்கும் முடியை மெதுவாக இழுத்தாலே வந்துவிடும், அந்தச் சமயத்தில் அது வலிக்காது.

தரையில் விட்டு வளர்க்கும் வீடுகளில் தாய் மண்ணில் வளை தோண்டி ஈன்றிருக்கும். தாயை வேறு பக்கம் அடைத்துவிட்டு, வளை ஓடும் திசையைக் குச்சியால் பார்த்துக்கொண்டு, கையாலேயே மண்ணை விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம். கடைசிக் குட்டி வரை எடுத்துவிட்டோமா என்று வளையின் முனைவரை தடவிப் பாருங்கள். முடியோடு அள்ளிப் பெட்டியில் வைப்பது மேலே சொன்னது போலத்தான்.

மாற்றும் வேளை

காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் மாற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம் எளிது. இரவிலோ விடியற்காலையிலோ தாய் பால் கொடுத்து முடித்திருக்கும். அடுத்த வேளைக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுவதும் இருக்கிறது. தாய் புது இடத்தை மோந்து, மிரண்டு, சமாதானமாகி, தின்று, படுத்து எழுவதற்கு அந்த அவகாசம் போதும். வெயிலும் ஏறியிருக்காது. மாலையில் மாற்றினால் மிரட்சி தீர்வதற்குள் பால் கொடுக்கும் நேரம் வந்துவிடும்.

தொடங்குமுன் பெட்டிக்குள் பாருங்கள். வயிறு பந்து போல உருண்டு, தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் குட்டி பால் குடித்திருக்கிறது. முதல் சில நாட்களில் வயிற்றுத் தோலுக்கு உள்ளே வெள்ளையாகப் பால் தெரியும். வயிறு சுருங்கித் தோல் மடிந்திருந்தால் இன்னும் குடிக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கையில் சென்ட், வாசனை சோப்பு, தைலம் எதுவும் இருக்கக் கூடாது. ஆண் முயலையோ நாய், பூனையையோ தொட்ட கையோடு வராதீர்கள். தாயின் பழைய வைக்கோலைக் கையில் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். மனிதக் கை பட்டாலே தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று சொல்வது சரியில்லை. உங்கள் கையில் தினமும் தீவனம் தின்னும் முயலுக்கு உங்கள் வாசனை புதிதல்ல.

முதலில் தாயை எடுங்கள். குட்டிப் பெட்டியை முதலில் தூக்கினால் தாய் மிரண்டு பெட்டிக்குள் பாயும். ஒரு கையால் தோள்பட்டைத் தோலைச் சேர்த்துப் பிடித்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்கி, உங்கள் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பின்னங்கால் தாங்கலில்லாமல் தொங்கினால் முயல் பலமாக உதைக்கும். அந்த உதையிலேயே அதன் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு முறிந்துவிடுவது உண்டு. முறிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. தாயை ஒரு கூடையிலோ சிறு கூண்டிலோ கொஞ்சம் பழகிய தழையோடு விட்டு, நிழலில் வையுங்கள்.

அடுத்து குட்டிகளை எண்ணுங்கள். மேலே உள்ள முடியை விலக்கி, எண்ணி, செத்தது ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, மறுபடி மூடுங்கள். நனைந்த வைக்கோல் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுங்கள். பெட்டிக்கு வெளியே, கூண்டின் அடித்தட்டில், ஓரத்தில் ஏதாவது குட்டி கிடக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பெட்டியை ஆட்டாமல் இரண்டு கையாலும் தூக்கிப் புதுக் கூண்டில் வையுங்கள். பழைய கூண்டில் எந்த மூலையில், வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே போல வைப்பது நல்லது. பழைய கூண்டிலிருந்து ஒரு பிடி புழுக்கையும் பழைய வைக்கோலும் கொண்டுவந்து புதுக் கூண்டின் மறு மூலையில் போடுங்கள். தாய் தன் இடம் என்று நினைப்பதற்கு இது உதவும்.

இப்போது தாயை விடுங்கள், பெட்டிக்குள் அல்ல, தீவனத்தின் பக்கத்தில். கூண்டின் மூன்று பக்கத்தையும் சாக்கால் மூடிவிட்டு, அங்கிருந்து போய்விடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கும், பிள்ளைகள் கேட்பார்கள். மாலை வரை யாரும் போக வேண்டாம்.

முதல் ஒரு நாள்

தாய் கூண்டு முழுக்கச் சுற்றும், எல்லாக் கம்பியிலும் தாடையைத் தேய்க்கும், பின்னங்காலால் டம் டம்மென்று தட்டும். தாடையைத் தேய்ப்பது நல்ல அறிகுறி, தன் வாசனையைப் பூசிக்கொண்டிருக்கிறது. தட்டுவது பயம், சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்து நிறுத்துங்கள். சில முயல்கள் மறுபடி முடி பிடுங்கும். அந்த முடியை எடுத்துப் பெட்டிக்குள் சேர்த்துவிடுங்கள். பெட்டியைக் கழிப்பிடமாக ஆக்கிக்கொண்டால், மறு மூலையில் போட்ட பழைய புழுக்கையை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

மாலையில் ஒரு முறை சத்தமில்லாமல் எட்டிப் பாருங்கள். குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி அமைதியாகக் கிடந்தால் சரி. கோடையில் அவை விலகி விலகி, சிவந்து, உடம்பு ஈரமாகக் கிடந்தால் சூடு அதிகம் என்று பொருள்; மேல்முடியில் பாதியை எடுத்து ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள், இரவில் குளிர்ந்தால் தேவைப்படும். தாய்க்கு உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றிக் கூண்டில் வைத்தால் அதன் மேல் சாய்ந்துகொள்ளும்.

மறுநாள் காலை வயிற்றைப் பாருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் குட்டிகளை ஒரு கிண்ணத்தில் வைத்து மொத்தமாக எடை போட்டுக் குறித்து வையுங்கள், தினமும் அதே நேரத்தில். நன்றாகப் பால் குடிக்கும் குட்டி ஒரு வாரத்துக்குள் பிறந்த எடையைப் போல இரு மடங்காகிவிடும். எடை ஏறிக்கொண்டே இருந்தால் தாய் பெட்டிக்குள் போவதை நீங்கள் பார்க்கவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம்.

பால் கொடுக்கவில்லை என்றால்

24 மணி நேரம் கடந்தும் எல்லாக் குட்டிகளின் வயிறும் சுருங்கியிருந்து, கை பட்டவுடன் கீச்சிட்டுத் துள்ளினால் தலையிட வேண்டும். தாயை எடுத்துப் பெட்டிக்குள் குட்டிகள் மேல் நிற்க வைத்து, மெதுவாகத் தலையைத் தடவிக்கொண்டே பத்து நிமிடம் பிடித்திருங்கள். வாயருகே பழகிய தழை ஒன்றைக் கொடுக்கலாம். குட்டிகள் தாமே மல்லாந்து காம்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் நிற்காத முயலை மடியில் மல்லாக்கச் சாய்த்து ஒவ்வொரு குட்டியாகக் காம்பில் வைப்பவர்கள் உண்டு. முயல் அந்த நிலையில் பயந்து உறைந்து போவதால் நான் அதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன். காலை, மாலை என்று ஓரிரு நாள் பிடித்து வைத்தாலே பெரும்பாலானவை தாமாகத் தொடங்கிவிடும்.

மடி கல் போல் இறுகி, சிவந்து, சூடாக இருந்தால் அது மடிநோய். தாய் தீவனமும் எடுக்காது. அதை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அதே வாரத்தில் ஈன்ற இன்னொரு முயல் இருந்தால், இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசத்துக்குள் உள்ள குட்டிகளை அதனிடம் பிரித்து விடலாம். அதன் பெட்டி முடியில் இந்தக் குட்டிகளைத் தேய்த்து நடுவில் வைத்துவிட்டால் போதும். முயலுக்கு எட்டு முதல் பத்துக் காம்புதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். புட்டிப்பால் கடைசிப் போக்கிடம். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் ஒவ்வொன்றும் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சதவீதம் அளவுதான். பசும்பால் மட்டும் கொடுத்து நாள் கணக்கில் ஓட்ட முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு கிடைத்தால் அது இதைவிடப் பொருத்தம். எதைக் கொடுத்தாலும் குட்டியை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாக்கப் பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

குளிர்ந்து போன குட்டி

கூண்டு மாற்றிய முதல் சில நாள் காலைகளில் ஒரு குட்டி கம்பித் தரையில் சில்லென்று கிடப்பது அடிக்கடி நடக்கும். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் வெளியே குதித்தால், காம்பைப் பிடித்த குட்டியும் கூடவே வந்து விழும். தாயின் குற்றமில்லை இது. செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். அசைவே இல்லாமல் விறைத்துக் கிடக்கும் குட்டிகூடச் சூடு ஏறியதும் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்குவது உண்டு. சட்டைக்குள் உடம்போடு சேர்த்து வையுங்கள், அல்லது வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அதன் மேல் படுக்க வையுங்கள். கையில் வைத்தால் இளஞ்சூடு, அதற்கு மேல் வேண்டாம். அரை மணியோ ஒரு மணியோ ஆகலாம். சூடு ஏறாத குட்டிக்குப் பால் ஊட்டக் கூடாது, உள்ளே செரிக்காது. நெளிந்து துள்ளத் தொடங்கியதும் கூட்டத்தின் நடுவில் வைத்து மூடிவிடுங்கள்.

புது இடத்தில் பாம்போ பெருச்சாளியோ வரும் என்ற பயம் தீராதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பெட்டியை இரவில் வீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, தினமும் விடியற்காலை ஒரே நேரத்தில் தாயின் கூண்டில் கால் மணி நேரம் வையுங்கள். பால் கொடுத்ததும் எடுத்துவிடலாம். ஐரோப்பியப் பண்ணைகளில் இதையே முறையாகச் செய்கிறார்கள். இரண்டாம் நாளிலேயே தாய் வாசலில் வந்து காத்திருக்கும்.

வண்டியில் தூரம் போவதானால்

வீடு மாறுகிறீர்கள் என்றால் தாயையும் குட்டிகளையும் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள். வண்டி குலுங்கும்போது தாய் பெட்டிக்குள் விழுந்து மிதித்துவிடும். பெட்டியை மூடி, மூடியில் காற்றுத் துளை போட்டு, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தாய் தனிக் கூடையில். பால் குடித்து முடித்த காலையில் கிளம்பி, இரவுக்குள் போய்ச் சேர்ந்தால் வழியில் பால் பற்றி யோசிக்கவே வேண்டாம். வழியில் நிறுத்தும் இடமெல்லாம் தாய்க்குத் தண்ணீர் காட்டுங்கள். மூடிய டிக்கியிலும் பஸ் மேல் கேரியரிலும் முயலை ஏற்றக் கூடாது.

கொடைக்கானல் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலிருந்து வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களைப் பலர் வாங்கி வந்து வளர்க்கிறார்கள். மலையிலிருந்து எங்கே வாங்கினாலும் சரி, பால் குடிக்கும் குட்டிகளோடு தாயைக் கீழே இறக்காதீர்கள். குளிரில் பிடுங்கிய கனத்த முடி மெத்தையும் சமவெளிச் சூடும் சேர்ந்தால் ஒரே நாளில் குட்டிகள் வெந்து போகும். பால் மறந்த இளம் முயல்களாக வாங்கிக் கொண்டுவந்து இங்கே பழக்குவதே மேல்.

பால் மறக்கடிக்கும்போது

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் குட்டிகளைப் பிரிப்பது வழக்கம். அப்போது பலர் குட்டிகளைத் தூக்கிப் புதுக் கூண்டில் விடுகிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். தாயை எடுத்து வேறு கூண்டில் விட்டுவிட்டு, குட்டிகளை அதே பழைய கூண்டில், அதே கிண்ணம், அதே தீவனத்தோடு ஒன்றிரண்டு வாரம் இருக்க விடுங்கள். பால் நிற்பதும் இடம் மாறுவதும் ஒரே நாளில் வந்தால் குட்டியின் குடல் தாங்காது; பிரித்த வாரத்தில் வரும் கழிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

தாயை விடும் கூண்டு ஆண் முயலுக்குப் பக்கத்தில் வேண்டாம், இன்னொரு தாயோடு சேர்த்தும் விட வேண்டாம். இரண்டு பெண் முயல்கள் சண்டையிட்டுக் கிழித்துக்கொள்ளும். பிரித்த நாளிலும் மறுநாளும் அடர்தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, காய்ந்த புல்லை அதிகமாகக் கொடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் தானாகக் குறையும். ஐந்தாறு நாள் வரை தினமும் ஒரு முறை மடியைத் தடவிப் பாருங்கள். கட்டியோ சூடோ தெரிந்தால் ஒரு குட்டியை மட்டும் கொஞ்ச நேரம் குடிக்க விட்டு எடுத்துவிடலாம்.